வாயில் மறுப்பு

புவெர்த்தோ மோன்ட், இரவுப் பணி.
காதில் கருவி, கையருகே ஆறிய மாத்தே.
நான் பேச வேண்டிய வாக்கியங்கள்
திரையில் மஞ்சள் கட்டங்களாக.
மூன்றாம் முறை அழைக்கிறார்
சீலோவே தீவிலிருந்து
ஒர்த்தென்சியா மன்சீயா.

"அணைத்துவிட்டுப் பத்து எண்ணச் சொன்னீர்கள்.
நூறு எண்ணினேன்.
8080-ஐத் திறந்தே வைத்திருக்கிறேன்.
யாரும் உள்ளே வரவில்லை."

வர வேண்டியது யாரம்மா?

"நான்தான்."

பகலெல்லாம் காஸ்த்ரோவில்
மீன் ஆலையில் நிற்கிறார்.
வீட்டுக் கொட்டகையில் இரண்டு தொட்டி,
தொட்டிக்கு நாற்பதாயிரம் சிப்பிக் குஞ்சு,
மிளகைவிடச் சிறியவை.
போன வியாழன் சூடேற்றி நின்றுபோனது.
மாலையில் வந்து பார்த்தால்
ஒரு தொட்டி மட்டுமே மிச்சம்.
அதற்கு ஒரு வெப்பமானி வாங்கி
சின்ன எந்திரத்தில் பூட்டி வைத்திருக்கிறார்.
ஆலையிலிருந்து அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்,
அவ்வளவுதான்.

"இதைக் கேளுங்கள்.
ரவுட்டர் தன் எண் 100.76 என்று தொடங்குகிறது என்கிறது.
வெளியே எல்லாரும் என்னை 190 என்கிறார்கள்.
ஒருத்திக்கு எதற்கு இரண்டு முகவரி?"
முழுதாகப் படித்தும் காட்டினார்,
புள்ளிகளோடு.

மஞ்சள் கட்டத்தில் இதற்குப் பதில் இல்லை.
துறைமுகத்தின் பெயரைச் சுமந்த ஊரில் உட்கார்ந்து
உங்களுக்குத் துறை கிடையாது என்று
எந்த வாயால் சொல்வது?

சொன்னேன்.
அந்த 190 உங்களுடையது இல்லை.
அறுபத்து மூன்று வீட்டுக்கு ஒன்று.
யார் வெளியே போனார் என்று
எங்கள் பெட்டி குறித்து வைக்கும்,
பதில் வந்தால் அந்தந்த வீட்டில் சேர்க்கும்.
தானாக வந்து கேட்பவரை
எந்த வீட்டுக்கு அனுப்பும்?
கீழே போட்டுவிடும்.
பகையும் இல்லை, ஊடலும் இல்லை.
பெயர் எழுதியிராத ஆள்,
அவ்வளவே.

தகரக் கூரையில் மழை.
அவர் பக்கத்து மழையா என் பக்கமா தெரியவில்லை.

"அப்படியானால் இத்தனை நாள்
நான் திறந்து வைத்தது எதை?"

கூடத்துக்கும் சமையலறைக்கும்
நடுவில் இருக்கும் கதவை.

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது'
என்று தொடக்கத்தில் சொல்லும் குரல்
எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது.
இருந்தும் சொன்னேன்:
யாரும் உள்ளே வரக் காத்திருக்காதீர்கள்.
வெளியூரில் ஒரு சிறு எந்திரம் வாடகைக்குக் கிடைக்கும்,
மாதத்துக்கு இரண்டு கிலோ சிப்பி விலை.
தொட்டி அதை அழைக்கட்டும்.
அழைத்துவிட்டு வைக்காமல் இருக்கட்டும்.
இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை
'இருக்கிறேன்' என்று ஒரு சொல்,
இல்லாவிட்டால் பெட்டி மறந்துவிடும்.
நீங்கள் அந்த வாசலுக்குப் போய்
உங்கள் வீட்டை விசாரியுங்கள்.

"என் வீட்டை விசாரிக்க
அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும்."

ஆமாம் அம்மா.

ஒன்பது நாள் கழித்து நான்காம் அழைப்பு.
வணக்கம்கூட இல்லை.
"பதினான்கு புள்ளி இரண்டு" என்றார்.
பின்னால் கத்திகள், தண்ணீர், யாரோ யாரையோ திட்டுவது.
"கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன்.
பதினான்கு புள்ளி இரண்டு.
இப்போது மூன்று."
வைத்துவிட்டார்.

அழைப்பின் வகை என்ன என்று கேட்டது திரை.
புகார். கட்டணம். இணைப்புத் துண்டிப்பு.
'மற்றவை' என்று குறித்தேன்.

காலை ஏழரைக்கு வீடு.
என் எண்ணைப் பார்த்தேன், சும்மா.
190. கடைசிப் புள்ளிவரை
அவர் படித்துக் காட்டிய அதே எண்.

வாடகை கட்ட வங்கித் தளத்தைத் திறக்கிறேன்.
நீ மனிதன்தானா என்று கேட்கிறது.
அறுபத்து மூன்று வீட்டில்
யாரோ எதையோ செய்திருக்கிறார்கள்.
படகுகள் உள்ள கட்டங்களைத் தொடு என்கிறது.
மூன்றைத் தொட்டுவிட்டேன்.
நான்காவது
படகா தொட்டியா
தெரியவில்லை.